கொம்புக்கு முன்னால்

ஐந்து நாள் ஆடித் தோற்ற ஓர் ஆட்டத்தைப் பற்றித்தான் அந்த வருஷம் முதலில் படித்தேன். 1960 பொங்கல் சமயம். மதராசில் ஆஸ்திரேலியாக்காரர்களோடு நம்மவர்கள் கிரிக்கெட் ஆடி, இன்னிங்ஸ் கணக்கில் தோற்றிருந்தார்கள். தோற்பதென்று ஆனபின் முதல் நாளே தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய்ப் பொங்கல் சாப்பிட்டிருக்கலாமே, எதற்கு ஐந்து நாள் வெயிலில் நின்றார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத விஷயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகிற குணம் எனக்குக் கிடையாது.

என் பெயர் அடைக்கலமேரி. ஆவூர் பங்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிறவள். திருச்சி பஸ்ஸில் வருகிற பேப்பரைப் பங்குச் சாமியார் படித்து, வாத்தியார்கள் படித்து, மறுநாள் அடுப்புப் பற்றவைக்க என்னிடம் கொடுப்பார்கள். சிஸ்டர்கள் புண்ணியத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால், பற்றவைக்கும் முன் ஒரு முறை படித்துவிடுவேன். மந்திரிமார் பேச்சு எனக்கு வேண்டாம். அது எல்லா நாளும் ஒன்றுதான். விளையாட்டுப் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. அதில்தான் புரியாத சங்கதி அதிகம்.

புரியாததைக் கேட்க ஆள் இருந்தார். டிரில் மாஸ்டர் ஆத்மநாதன், புதுக்கோட்டைக்காரர். பள்ளிக்கூடத்தில் அவரிடம் பிள்ளைகள் பந்து கேட்பார்கள், விசில் கேட்பார்கள். கேள்வி கேட்டவள் நான் ஒருத்திதான். அதனால் உலை கொதிக்கிற நேரம் பார்த்து அடுக்களை வாசலுக்கு வந்து நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவார். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை.

"எதையும் தொரத்தாம, நம்மளயும் எதுவும் தொரத்தாம, மனுசன் எதுக்கு சார் ஓடணும்?" என்று கேட்டேன்.

உடம்புக்கு நல்லது என்றார். களத்துமேட்டில் நெல் அடிப்பதும் உடம்புக்கு நல்லதுதான், அதற்கு யாரும் மெடல் கொடுக்கவில்லையே என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சும்மா பொழுது போகாமல் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் செபமாலைக்கு ஓடுவதுதான் பிழைப்பு. பெரியகருப்பன் வீட்டில் பண்ணையாள் அவர். பெரியகருப்பனோ பந்தய மாடு வளர்க்கிறவர். பொங்கலுக்கும், ஈஸ்டரை ஒட்டி எங்கள் ஊரில் நடக்கிற பாஸ்காத் திருநாள் முடிந்த மறுநாளும் மாத்தூர் ரோட்டில் மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். வண்டிக்கு இரண்டு ஆள். ஒருவர் வண்டியில் உட்கார்ந்து கயிறு பிடிப்பார். சாரதி என்று நோட்டீசில் அவர் பெயர் வரும், மாலையும் அவருக்குத்தான். இன்னொருவர் மாட்டைத் தட்டிவிடுகிறவர். கையில் தார்க்குச்சியோடு வண்டிக்குப் பக்கத்திலேயே ஓடுவார். மூச்சு முட்டினால் பின்னால் தொற்றிக்கொள்வார். மாடு தளர்ந்தால் குதித்து மறுபடியும் ஓடுவார். நாக்கைச் சொடுக்கிக்கொண்டு, "ஹேய் ஹேய் ஹோ" என்று அடித்தொண்டையில் அவர் கொடுக்கிற சத்தத்துக்குத்தான் மாடு போகும். அந்த ஆள்தான் செபமாலை.

தட்டிவிடுகிறவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. மாட்டின் கொம்பைத் தாண்டி முன்னால் போகக் கூடாது. ஓடுகிற மாட்டின் கண்ணெதிரே திடீரென்று ஆள் தெரிந்தால், மிரண்டு வண்டியைப் பள்ளத்தில் இறக்கிவிடும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் மாட்டின் வயிற்றுக்கு நேராகத்தான் ஓட வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஓட்டத்தைப் பார்க்கிறேன். ஒரு தடவைகூட அந்த அளவு தப்பியதில்லை.

அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் சேவுகன். வண்டியில் தொற்றும்போது கை நழுவிச் சக்கரத்தில் விழுந்தார். இப்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருக்கிறார். பெரியகருப்பன் அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பினார், அத்தோடு சரி. எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா?

அந்த வருஷப் பாஸ்காப் பந்தயத்தில் எங்கள் வண்டி ஜெயித்தது. ஊரே விசில் அடித்தது. நான் மட்டும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசித் திருப்பத்தில் செபமாலை தொற்றப் போய் வழுக்கி, கீழே விழாமல் தப்பினார். சக்கரத்தின் இரும்புப் பட்டை அவர் குதிகாலை உரசிக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டேன். இனி ஒரு பந்தயத்துக்கு இந்த ஆளை அனுப்பக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நான் முடிவு செய்து என்ன? பண்ணையாள் மாட்டேன் என்று சொன்னால் மறுநாள் வேறு வேலை வேண்டும். ஆவூரில் அப்போது வேறு வேலை எங்கே இருந்தது?

அந்தப் பந்தயத்தை டிரில் மாஸ்டரும் சைக்கிளில் கூடவே வந்து பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை அடுக்களை வாசலில் வந்து நின்று, அந்த மாடு இரண்டையும்விட உங்கள் வீட்டுக்காரர்தான் நன்றாக ஓடினார் என்றார். பாதி வழிக்கு மேல் அவர் தரையில்தான் ஓடினாராம். இறங்கும்போதும் மூச்சு வாங்கவில்லையாம். எனக்கு அதில் என்ன பெருமை வேண்டியிருக்கிறது? பருப்பைக் கிண்டிக்கொண்டே சக்கரம் உரசிய கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறிப்போனது.

ஜூலை மாதம் இன்னொரு செய்தி வந்தது. லண்டனில் விம்பிள்டன் என்ற இடத்தில் நம் மதராஸ் பையன் ஒருவர் டென்னிஸ் ஆடி அரை இறுதி வரை போய்விட்டாராம். இறுதி தெரியும், அது என்ன அரை இறுதி என்று கேட்டேன். மாஸ்டர் தரையில் கரியால் கோடு போட்டு விளக்கினார். தோற்ற பின்னும் ஏன் கொண்டாடுகிறார்கள் என்றேன். அதுவரை நம் ஆட்கள் யாரும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை, அதனால்தான் என்றார். எட்டிப் பார்த்ததற்கே இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

செப்டம்பரில் ஒலிம்பிக் வந்தது. அதுவும் ரோமாபுரியில். எங்களுக்கு ரோமாபுரி என்றால் பாப்பரசர் இருக்கிற ஊர். அங்கே போய் மனிதர்கள் அரை டிராயரோடு ஓடுவார்கள் என்று யார் நினைத்தார்கள்? சாமியாரே அந்த வாரம் பேப்பரை விளையாட்டுப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். நானூறு மீட்டர் ஓட்டத்தில் நம் பஞ்சாபிக்காரர் நாலாவதாக வந்தார். மூன்றாவது ஆளுக்கும் அவருக்கும் கண்ணிமைக்கிற நேரம்தான் வித்தியாசம். மாஸ்டர் அன்று மதியம் சாப்பிடவில்லை. அடுத்து ஹாக்கி. முப்பது வருஷத்துக்கு மேல் ஒலிம்பிக்கில் நம்மை யாரும் ஜெயித்ததில்லையாம். பாகிஸ்தான்காரர்கள் ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள். பட்ட காலிலேயே படும் என்பார்களே, மாஸ்டருக்கு அந்த வாரம் அப்படித்தான் இருந்தது.

ஆனால் ஹாக்கியில் தோற்ற மறுநாள் அங்கே நடந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அபிசீனியாக்காரர் ஒருவர் இருபத்தாறு மைல் ஓடி முதலில் வந்திருக்கிறார். காலில் செருப்புகூட இல்லையாம். ரோமாபுரித் தெருக் கல்லில் வெறுங்கால். அடுப்பு அணைவது தெரியாமல் அந்தச் செய்தியை மறுபடி மறுபடி படித்தேன். அன்று பிள்ளைகளுக்குச் சோறு குழைந்துவிட்டது.

என் வீட்டுக்காரரும் வெறுங்காலோடு ஓடுகிறவர்தானே என்று நினைத்தேன், மாஸ்டரும் அதையேதான் நினைத்திருக்கிறார். காந்தி ஜெயந்தியன்று புதுக்கோட்டையில் விளையாட்டுப் போட்டி. அதில் ரோட்டில் ஓடுகிற ஐந்து மைல் ஓட்டம் ஒன்று உண்டு. அங்கே ஒரு நூல் மில்லில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒரு கோஷ்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் முதலில் வருகிறவரைக் கேட் வாட்ச்மேனாக எடுத்துக்கொள்வதாக மில் மேனேஜரே சொல்லியிருக்கிறார். முதலில் வந்தால் போதும். படிப்புச் சர்ட்டிபிகேட் வேண்டாம். செபமாலையிடம் நீங்கள் சொல்லுங்கள் என்று மாஸ்டர் என்னிடம் சொன்னார்.

எனக்குச் சொல்ல வேண்டுமா என்ன? அன்று மாலையே பிடித்துக்கொண்டேன். செபமாலை அதிகம் பேசாத மனிதர். தனியாக எதற்கு ஓட வேண்டும் என்றார், நான் மாஸ்டரைக் கேட்ட அதே கேள்வி.  நான் சக்கரத்தைப் பற்றிச் சொன்னேன், சேவுகனைப் பற்றிச் சொன்னேன், மில் கேட்டில் உட்கார்ந்திருந்தால் இரண்டு காலும் உடம்போடு இருக்கும் என்றேன். கொஞ்சம் அழவும் செய்தேன். சரி என்றார். பெரியகருப்பனிடம் போய் நின்றபோது அவர் சிரித்தாராம். மாட்டுக்கும் ஒரு நாள் லீவு கிடைக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம் காந்தி ஜெயந்தி ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை கண்டுவிட்டுப் பஸ் ஏறினோம். புதுக்கோட்டை மைதானத்தில் தோரணம் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, ஆட்கள் நிறைய. ஓட வந்தவர்கள் கால்சட்டையும் கான்வாஸ் ஷூவுமாக நின்றார்கள். செபமாலை மட்டும் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி வெறுங்காலோடு நின்றார். அவர் பனியனில் மாஸ்டர் ஒரு நம்பரைக் குத்தினார். எல்லாரும் பேசிக்கொண்டது ரத்தினவேல் என்ற பையனைப் பற்றி. காலேஜ் படிக்கும்போதே கோப்பை வாங்கியவன், வேலை இல்லாமல் இருக்கிறான், இந்த மில் வேலையை நம்பித்தான் வந்திருக்கிறான் என்றார்கள். எனக்கு அவன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் அவன் காலில் முள் குத்தக் கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

திருச்சி ரோட்டில் திருக்கோகர்ணத்துக்கு அப்பால் ஒரு கொடி நட்டிருந்தார்கள். அதைச் சுற்றிக்கொண்டு மைதானத்துக்கே திரும்பி வர வேண்டும். துப்பாக்கி வெடித்தது. எல்லாரும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். செபமாலை கடைசி ஆளுக்கு முந்தியவராகப் போனார். மாஸ்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டார். நான் கூட்டத்தில் நிற்கப் பிடிக்காமல், மைதானத்துக்குக் கொஞ்ச தூரத்துக்கு முன்னால் ரோட்டு ஓரப் புளியமரத்தடியில் போய் நின்றேன்.

வெகுநேரம் கழித்து மாஸ்டரின் சைக்கிள் மணி கேட்டது. அவர் முகத்தில் குழப்பம். ஓடுகிறவர்களை முந்திக்கொண்டு வந்திருந்தார்.

"ரெண்டாவதா வர்றாரும்மா. கொடிக்கிட்டயே ரெண்டாவது. ஆனா முந்த மாட்டேங்கிறாரு. முடியலைன்னும் தோணல" என்றார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் ரத்தினவேல் தெரிந்தான். வாய் திறந்து, கண் பிதுங்கி, பேய் துரத்துகிறாற்போல் ஓடி வந்தான். அவனுக்கு இடப்பக்கம் அரை ஆள் பின்னால் செபமாலை. முகத்தில் வேர்வை இருந்தது, களைப்பு இல்லை. இன்னும் ஐந்து மைல் போகலாம் என்பதுபோல் இருந்தார். வலது கையை மட்டும் விட்டு விட்டு முன்னால் நீட்டினார். அந்தக் கையில் தார்க்குச்சி இல்லை, அவ்வளவுதான். நாக்கைச் சொடுக்குகிற சத்தமும் கேட்டது. ரத்தினவேல் தளரும்போதெல்லாம் இவர் அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுக்க, அந்தப் பையன் விழுந்தடித்துக்கொண்டு வேகம் எடுத்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாஸ்டருக்குப் புரிந்திருக்க நியாயம் இல்லை, அங்கே நின்ற யாருக்கும் நியாயம் இல்லை. என் புருஷன் ரத்தினவேலோடு போட்டி போடவில்லை. அவனைத் தட்டிவிட்டுக்கொண்டு வருகிறார். வழியில் தாண்டி வந்தவர்களெல்லாம் அவருக்கு அடுத்தவர் வண்டி, எல்லாருக்கும் முன்னால் ஓடுகிறதுதான் அவர் மாடு. அதன் கொம்பைத் தாண்ட அந்தக் கால் ஒப்பாது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வேலை கையை விட்டுப் போகிறது, சக்கரம் வீட்டுக்குத் திரும்பி வருகிறது, இந்த மனிதர் அடுத்தவனை ஜெயிக்க வைத்துக்கொண்டிருக்கிறார். கத்தினால் காதில் விழாது என்று தெரியும். பந்தயத்தில் அவர் காதில் ஒரே ஒரு சத்தம்தான் விழும். சேலையை வரிந்து செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். அவருக்கு இடப்பக்கம், அரை ஆள் பின்னால் ஓடினேன். நாக்கைச் சொடுக்கி, அவர் மாட்டுக்குக் கொடுக்கிற அதே சத்தத்தை என் தொண்டையில் கொடுத்தேன். "ஹேய் ஹேய் ஹோ."

தலையைத் தூக்கினார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. புத்திக்குத் தெரியும் முன் காலுக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு சத்தம் கொடுத்தேன். ரத்தினவேலின் தோளுக்கு நேராக வந்தார், அங்கே ஒரு கணம் தயங்கினார். நான் முதுகில் கையால் ஓங்கி ஒன்று வைத்தேன். அவ்வளவுதான், தாண்டிவிட்டார். அதற்குமேல் என்னால் ஓட முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மைதானத்துக்குள் செபமாலை ஒற்றை ஆளாகப் போவதை உட்கார்ந்தபடி பார்த்தேன். அவருக்கு முன்னால் கட்டியிருந்த நாடா மட்டும் இருந்தது. அதை அறுத்துக்கொண்டு போனார். கைதட்டல் எழும்பியது.

கைதட்டல் அடங்குவதற்குள் விசில் ஊதினார்கள். வெளி ஆள் கூடவே ஓடி வேகம் கொடுத்தால் அந்த ஓட்டம் கணக்கில் சேராதாம். செபமாலையின் நம்பரை அடித்துவிட்டார்கள். ரத்தினவேல்தான் முதல். புதுக்கோட்டையில் அதுவரை யாரும் ஓடாத வேகத்தில் ஓடியிருக்கிறான் என்று வேறு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நான் நேரே மேசைக்குப் போய் அந்த ஆபீசரிடம் கேட்டேன்.

"அவரு அந்தத் தம்பி கூடவே ஓடி வேகம் குடுத்தாரே, அது மட்டும் செல்லுமாங்க?"

அவர் போட்டியில் பெயர் கொடுத்தவர், நீ பெயர் கொடுக்காதவள் என்றார் ஆபீசர். பெயர் கொடுத்திருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பீர்களா என்று கேட்டேன். பொம்பளைகளுக்கு ஸ்பூன் ஓட்டம் காலையிலேயே முடிந்துவிட்டது என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. மாஸ்டர்தான் கையெடுத்துக் கும்பிட்டு என்னை இழுத்துக்கொண்டு வந்தார். ரத்தினவேல் புல்லில் படுத்திருந்தவன் எழுந்து வந்து, இப்படி ஒரு ஓட்டம் நான் ஓடியதே இல்லை அண்ணே என்று செபமாலையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மில் மேனேஜர் அவனுக்கு மாலை போட்டார். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். நான் இறங்கி ஓடாவிட்டாலும் வேலை கிடைத்திருக்காது, இரண்டாவதாகத்தான் வந்திருப்பார். அது தெரிந்தும் மனசு ஆறவில்லை. பொங்கலுக்குப் பந்தயம், மறுபடி பாஸ்காவுக்குப் பந்தயம், மறுபடி சக்கரம். எனக்குப் பயமாக இருந்தது. கீரனூர் தாண்டும்போது செபமாலையாகப் பேசினார்.

"முன்னால ஒண்ணுமே இல்ல மேரி" என்றார். "தூசி இல்ல. வண்டிச் சத்தம் இல்ல. எடம் வெறிச்சுன்னு கெடந்துச்சு. பயமாத்தான் இருந்துச்சு." கொஞ்ச தூரம் போனபின், "நல்லாவும் இருந்துச்சு" என்றார்.

மறுநாள் வழக்கம்போல அவர் வயலுக்குப் போனார், நான் அடுப்புக்குப் போனேன்.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸ் கழிந்து இரண்டொரு நாள் இருக்கும். விடிந்தும் விடியாமல் பெரியகருப்பனே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். பொங்கல் பந்தயத்துக்குப் புது ஜோடி பிடித்திருக்கிறாராம். கன்று இரண்டும் முரடாம். நாளை முதல் ரோட்டில் இறக்கிப் பழக்க வேண்டும் என்றார். நான் வாசல் தெளித்த வாளியோடு நின்றேன். வழக்கமாக நான் நடுவில் புகுந்து எதையாவது சொல்லிவிடுவேன். அன்று வாய் வரவில்லை. மாட்டேன் என்றால் குடும்பம் என்ன ஆகும் என்றும் தெரியவில்லை, சரி என்றால் என் மனசு என்ன ஆகும் என்றும் தெரியவில்லை.

செபமாலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். எப்போதும் போலப் பணிவாகத்தான் நின்றார்.

"வேற ஆளப் பாத்துக்கங்கய்யா" என்றார். "உழவுக்குக் கூப்புடுங்க, வாரேன். எனக்கு இனிமே பின்னால ஓட வராது."

பெரியகருப்பன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுத்த பேச்சு என்று நினைத்திருப்பார். ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை. பெரியகருப்பன் தெருவில் இறங்கி நடந்தார். நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அங்கேயே நின்று அழுதேன்.